வண்டி ஓடட்டும், வீட்டு விளக்கு மங்கலாமா?

சென்னைக்கு மின்வண்டி புதிதல்ல. 1895ஆம் ஆண்டிலேயே, இந்தியாவில் முதன்முதலாக, இந்த நகரத்து வீதியிலேதான் மின்சார டிராம் ஓடிற்று. 1931இலே கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கி மின்சார இரயில் புறப்பட்டது. டிராம் 1953இல் நின்றது. இரயில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரத்தால் வண்டி ஓடும் என்பது தமிழன் நேற்றுக் கண்ட அதிசயம் அல்ல. நம் பாட்டன்மார் காலணா கொடுத்து ஏறிக் கண்ட உண்மை.

ஆனால் அந்த டிராமுக்கும், இன்று நம் தெருவிலே ஓசையின்றி வந்து நிற்கும் காருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அது சிறிய வேற்றுமை போலத் தோன்றும். ஆராய்ந்தால் அதற்குள்ளேதான் சிக்கல் அத்தனையும் அடங்கியிருப்பது தெரியும். டிராம் தனக்கென்று தனிக் கம்பி போட்டுக்கொண்டு வந்தது. இரயிலும் தனக்கென்று தனித் துணைமின் நிலையம் கட்டிக்கொண்டு வந்தது. இன்றைய கார், கம்பியைக் கொண்டு வரவில்லை. நம் தெருக் கம்பியிலே, நம் வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் என்று போட்ட கம்பியிலே, பங்கு கேட்டு வருகிறது!

கேட்கட்டும், தவறில்லை. கொடுப்போம், மறுப்பில்லை. எப்படிக் கொடுப்பது, எந்த நேரத்தில் கொடுப்பது, யார் செலவிலே கொடுப்பது என்பதைத்தான் நாம் பேசியாக வேண்டும்.

இந்தப் பேச்சை எடுத்தவுடன் இரண்டு குரல்கள் கிளம்புகின்றன. ஒன்று ஒப்பாரிக் குரல்: "எல்லோரும் மின்வண்டி வாங்கிவிட்டால் நாடே இருண்டுவிடும், மின்சாரம் போதாது" என்கிறது. மற்றொன்று விளம்பரக் குரல்: "ஒன்றும் ஆகாது, வீட்டு பிளக்கிலே சொருகுங்கள், விடிந்ததும் ஓட்டுங்கள்" என்கிறது. ஒப்பாரியும் பொய், விளம்பரமும் பொய். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகுத்தறிவாளனுக்குக் கணக்கைவிடச் சிறந்த துணை வேறில்லை.

ஒரு மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 15 யூனிட் மின்சாரம் தேவை. ஸ்கூட்டருக்கோ 3 யூனிட் போதும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார், 6 யூனிட் குடிக்கும். தமிழ்நாட்டிலே 10 இலட்சம் மின்சாரக் கார்கள் ஓடுவதாகவே வைத்துக்கொள்வோம். அத்தனைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 60 இலட்சம் யூனிட். கோடைக்காலத்திலே தமிழ்நாடு ஒரே நாளில் 40 கோடி யூனிட்டுக்கு மேல் செலவிடுகிறது. அதிலே இது நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான்! இதற்காகவா நாடு இருண்டுவிடும்? ஒப்பாரி வைப்போர் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அதே 10 இலட்சம் கார்களும் மாலை ஏழு மணிக்கு ஒன்றாக வீடு திரும்பி, ஒன்றாகச் சுவரிலே சொருகப்பட்டால் என்ன ஆகும்? காருக்கென்று வீட்டிலே பொருத்தும் சார்ஜர் 7 கிலோவாட் இழுக்கும். 10 இலட்சம் கார்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் 7,000 மெகாவாட்! 2024ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சத்திலே மூன்றில் ஒரு பங்கு, ஒரே நொடியிலே, தலைமேல் வந்து விழும்!

கவனியுங்கள் தோழர்களே! அதே கார்கள்; அதே யூனிட்டுகள். பரவலாகக் கொடுத்தால் நூற்றுக்கு ஒன்றரை. ஒன்றாகக் கொடுத்தால் மூன்றில் ஒன்று. ஆகவே சிக்கல் மின்சாரத்தின் அளவிலே இல்லை. அது கொடுக்கப்படும் நேரத்திலே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அது கொடுக்கப்படும் இடம்.

இடம் என்றதும் டில்லியையோ, நெய்வேலியையோ, மேட்டூரையோ நோக்க வேண்டாம். உங்கள் தெருமுனையைப் பாருங்கள். இரண்டு கம்பங்களுக்கிடையே, சாம்பல் நிறத்திலே, முனகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே டிரான்ஸ்ஃபார்மர், அதைப் பாருங்கள். 11,000 வோல்ட்டை வாங்கி, வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது அதுதான். அணையும் ஆலையும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் அந்தப் பெட்டியின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அது 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொள்வோம். அதிலே 60 வீடுகள். மாலையிலே விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, சில வீடுகளில் ஏ.சி. என்று வீட்டுக்கு 1.2 கிலோவாட் வீதம் 72 கிலோவாட் ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும். இந்தத் தெருவிலே வசதி படைத்த 8 வீட்டார் கார் வாங்குகிறார்கள். 8 கார், தலைக்கு 7 கிலோவாட், ஆக 56. 72உம் 56உம் 128! 100ஐச் சுமக்கப் பிறந்த பெட்டி 128ஐச் சுமக்க வேண்டும்.

சுமை இரட்டித்தால் கம்பியிலே பிறக்கும் சூடு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. இது இயற்கையின் சட்டம். எந்த மந்திரியும் திருத்த முடியாத சட்டம்! டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளே சுருளைச் சுற்றிக் காகிதமும் எண்ணெயும் இருக்கின்றன. வழக்கமான வெப்ப எல்லையைத் தாண்டி 6 டிகிரி சூடு ஏறினால், அந்தக் காகிதம் நைந்துபோகும் வேகம் இரட்டிக்கிறது. முன்பெல்லாம் ஊர் உறங்கும் நேரத்திலே டிரான்ஸ்ஃபார்மரும் சற்று ஆறிக்கொள்ளும். அந்த ஓய்வு நேரத்தையும் கார்கள் முறையின்றிப் பிடுங்கிக்கொண்டால், பல்லாண்டு உழைக்க வேண்டிய பெட்டி பாதியிலே சாகும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. தெருக்கம்பியிலே மூன்று ஃபேஸ் வருகின்றன. ஒவ்வொரு ஃபேசிலும் சில வீடுகள். ஒரே ஃபேசிலே மூன்று கார்கள் சேர்ந்துவிட்டால், அந்த ஃபேசிலே வோல்டேஜ் சரியும். யார் வீட்டிலே சரியும்? டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து மாளிகையிலா? அல்ல! கம்பியின் கடைசி முனையிலே இருக்கிற வீட்டிலே! தெருக் கோடியிலே, ஓட்டுக் கூரையின் கீழே, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் தலைக்குமேலே விசிறி மெள்ள மெள்ளச் சுற்றும். விளக்கு அழுது வடியும். தவணையிலே வாங்கிய குளிர்பெட்டியின் மோட்டார் திணறிக் கருகும். கார் ஒருவருடையது, புழுக்கம் மற்றொருவருடையது. இலாபம் ஒரு வீட்டுக்கு. இழப்பு இன்னொரு வீட்டுக்கு. சாலையிலே புகை இல்லை, மெத்த மகிழ்ச்சி. குடிசையிலே காற்றில்லை என்றால் அதை முன்னேற்றம் என்று நாம் எப்படிச் சொல்வது?

இதைப் படித்துவிட்டு, "ஓகோ, இவர்கள் மின்வண்டிக்கு எதிரிகள்" என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். எதிர்ப்போமா நாம்? ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இராணிப்பேட்டையிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. போச்சம்பள்ளி ஆலையிலே நம் பெண்கள் வண்டி பூட்டுகிறார்கள். அடுப்படியைத் தவிர வேறு உலகம் உனக்கில்லை என்று சொல்லப்பட்டவர்களின் பேத்திகள், மோட்டாரும் மின்கலமும் கோத்து அனுப்புகிறார்கள். இந்தியாவெங்கும் அவை ஓடுகின்றன. தூத்துக்குடியிலே வியட்நாம் நாட்டு நிறுவனத்தின் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டிலே திறக்கப்பட்டது. அதே 2025ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் சென்னை வீதிக்குப் புறப்பட்டன. தாழ்தளப் பேருந்துகள், சக்கர நாற்காலியில் வருபவரும் ஏறக்கூடியவை. நம் மண்ணில் விளையும் தொழிலை நாமே பழிப்போமா? வண்டி வேண்டும், வந்தே தீரும். அதற்கு வழியமைப்பதே அரசியல்.

வழி இருக்கிறதா? இருக்கிறது. அந்த 60 வீட்டுத் தெருவுக்கே திரும்புவோம். 8 கார்களுக்கும் நாளொன்றுக்குத் தலைக்கு 6 யூனிட், ஆக 48 யூனிட்தான் தேவை. நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை, ஆறு மணி நேரத்திலே, முறைவைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் எவ்வளவு சுமை? 8 கிலோவாட்! மாலையிலே 56 கிலோவாட்டாக வந்து மிரட்டிய பூதம், முறைவைத்தால் 8 கிலோவாட் பூனைக்குட்டி! புதிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். புதிய அனல் நிலையம் வேண்டாம். ஒழுங்கு மட்டும் வேண்டும்.

மற்ற நாடுகள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன. பிரிட்டனிலே 2022 ஜூன் 30 முதல், வீட்டுக்கு விற்கப்படும் கார் சார்ஜர்கள் நேரம் பார்த்து இயங்கும் அறிவுடையவையாக இருக்க வேண்டும் என்று விதி. அதிலே ஒரு நுட்பம் பாருங்கள்: சலுகை நேரம் தொடங்கியதும் எல்லாச் சார்ஜர்களும் ஒரே நொடியில் விழித்துக்கொண்டால் அதுவே புதிய இடியாகும் அல்லவா? அதற்காக, ஒவ்வொரு சார்ஜரும் பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடி தாழ்த்தித் தொடங்க வேண்டும் என்று அமைத்திருக்கிறார்கள். நார்வேயிலே 2024இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்கார்கள். அந்நாடு இருளில் மூழ்கிவிட்டதா? இல்லை. குளிருக்கு வீட்டைச் சூடாக்கவே மின்சாரத்தை நம்பிய நாடு அது; அதன் தெருக் கம்பி முன்பே தடித்த கம்பி. கலிஃபோர்னியாவிலோ 2022 ஆகஸ்டிலே, 2035 முதல் புதிய பெட்ரோல் கார் விற்கலாகாது என்று முடிவெடுத்தார்கள். அடுத்த சில நாட்களிலேயே வெப்ப அலை வீச, மாலை நான்கு முதல் ஒன்பது வரை காருக்குச் சார்ஜ் போடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. செல்வச் சீமைக்கே அந்த நிலை என்றால், மே மாதத்து வேலூரையும் திருச்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

நமக்கோ இயற்கை தந்த வாய்ப்பு பெரிது. கமுதியிலே 2016இல் எழுந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் தொடங்கி, பகலெல்லாம் வெயில் மின்சாரமாகிறது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாய் ஓரத்திலும், மே முதல் செப்டம்பர் வரை காற்று மின்சாரமாகிறது. காற்று மிகும் நாட்களிலே, வாங்க ஆளின்றிக் காற்றாலையை நிறுத்திவைத்த கதையும் நமக்குத் தெரியும். பகலிலே மின்சந்தையில் மலிவு விலை. மாலையிலே கதிரவன் சாய்ந்ததும் யூனிட் பத்து ரூபாய் என்ற உச்சவரம்பைத் தொடுகிறது. பகல் வெயிலை வண்டியின் மின்கலத்திலே பிடித்து வைத்தால் நாட்டுக்கு இலாபம். மாலை ஏழு மணிக்கு வண்டியைச் சொருகினால் நாட்டுக்கு நட்டம். ஆகவே அலுவலகத்திலே, ஆலையிலே, கல்லூரியிலே, கடைவீதியிலே பகல் நேரச் சார்ஜ் வசதி பெருக வேண்டும். 2024 செப்டம்பரிலே ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, பொதுச் சார்ஜ் நிலையங்களுக்குக் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை, சராசரி அடக்க விலையில் 0.7 பங்கு, மற்ற நேரத்தில் 1.3 பங்கு என்று வகுத்தது. கருத்து சரியானதே, நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை.

ஆனால் வழிகாட்டுவது டில்லி; வழிநெடுகக் கம்பி இழுப்பது யார்?

இங்கேதான் நாம் நிறுத்திக் கேட்கிறோம். பெட்ரோல் வண்டிக்கு எரிபொருள் ஊற்றியவர் யார்? பெரும்பாலும் ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனங்கள். அந்தப் பெட்ரோலின்மீது டில்லி விதித்த வரியிலே பெரும்பகுதி, செஸ் என்றும் கூடுதல் தீர்வை என்றும் பெயர் சூட்டப்பட்டு, மாநிலங்களுக்குப் பங்கு தராமல் ஆண்டாண்டாகக் கொண்டுபோகப்பட்டது. மின்வண்டிக்கு எரிபொருள் ஊற்றப்போகிறவர் யார்? மாநில மின்வாரியம்! பெட்ரோல் விற்பனை வரியை இழக்கப்போவதும் மாநிலம். தெருவெல்லாம் கம்பியைத் தடிப்பாக்கி, டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்கப்போவதும் மாநிலம். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது, உத்தரவு மட்டும் டில்லியிலிருந்து வருகிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்துக்கு 10,900 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதிலே இந்தியா முழுவதிலும் பொதுச் சார்ஜ் நிலையங்களுக்கு 2,000 கோடி. வீடுகள் நிறைந்த தெருவின் கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அதிலே இடமில்லை. வண்டி வாங்க ஊக்கம் கொடுத்தார்கள்; வண்டி குடிக்கும் மின்சாரம் வரும் வழியை மாநிலத்தின் தலையிலே வைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. இரு அரசுகளுக்கும் உரியது. ஆனால் 2022 ஆகஸ்ட் 8ஆம் நாள் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. எதிர்ப்பு கிளம்பவே நிலைக்குழுவுக்குப் போயிற்று. 2025 அக்டோபரிலே மீண்டும் ஒரு வரைவு வந்தது. சாரம் என்ன? ஒரே ஊரிலே பல நிறுவனங்கள் மின்சாரம் விற்கலாம்; ஆனால் தனித்தனிக் கம்பி போட வேண்டியதில்லை; இருக்கிற கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது!

இருக்கிற கம்பி யாருடைய கம்பி? 1957இல் பிறந்த தமிழ்நாடு மின்சார வாரியம், காமராசர் காலத்திலும் அதன்பின் கழக ஆட்சிகளிலும், ஊர் ஊராகக் கம்பம் சுமந்து போட்ட கம்பி. மூன்று கோடிக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் கொண்ட கம்பி. 1990இல் கலைஞர் உழவர் அனைவருக்கும் கட்டணமில்லா மின்சாரம் தந்தாரே, அந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பம்பு செட்டுகள் தொங்கும் கம்பி. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமின்றிச் செல்லும் கம்பி. தனியார் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? நெடுஞ்சாலையோரச் சார்ஜ் நிலையத்தை, நான்கு கார் நிற்கும் மாளிகையை, அதிக விலை கொடுக்கும் அங்காடியைத் தட்டுவார்கள். உழவனின் மோட்டாரும் குடிசையின் விளக்கும் வாரியத்தின் தலையிலேயே இருக்கும். பாலைத் தனியார் கறந்துகொள்ள, மாட்டுக்குத் தீனி வாரியம் போட வேண்டும்! ஏற்கெனவே ஒரு இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய நட்டத்தைச் சுமக்கும் வாரியம், மின்வண்டியால் கிடைக்கக்கூடிய நல்ல வருமானத்தையும் இழந்தால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை எதைக் கொண்டு மாற்றும்?

2018 நவம்பரிலே கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோது, மின்கம்பங்கள் இலட்சக் கணக்கிலே முறிந்து கிடந்தன. சேற்றிலே இறங்கி, சோறு கண்ட இடத்திலே தின்று, மண்டபத்திலே படுத்து, கம்பத்தைத் தோளிலே சுமந்து நட்டவர்கள் வாரியத் தொழிலாளர்கள். அவர்களிலே ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. இலாபக் கணக்கு மட்டும் பார்க்கிறவன் வேதாரணியத்துக்கு வந்திருப்பானா? அந்த வயர்மேனின் தலைமேல்தான் மின்வண்டிச் சுமையும் ஏறப்போகிறது. இரவிலே பீஸ் போனால் ஏறுகிறவன் அவன்தான்.

நம் அரசுக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. நம்மவர் என்பதற்காகச் சொல்லாமல் விட்டால் அது நட்பல்ல. முதலாவது, எந்தத் தெருவில் எத்தனை சார்ஜர் என்ற கணக்கு பிரிவு அலுவலகத்திலே இருக்க வேண்டும். 7 கிலோவாட் சார்ஜரைச் சொல்லாமல் மாட்டுவதை அனுமதிக்கலாகாது. இரண்டாவது, ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரிலும் சுமை அளக்கும் மீட்டர் வேண்டும். வெடித்த பிறகு மாற்றுவது வைத்தியம் அல்ல, ஈமக்கடன். மூன்றாவது, காருக்குத் தனி மீட்டர், நேரத்துக்கேற்ற கட்டணம். இரவு, பகல் சலுகையும் மாலை உயர்வும் அந்த மீட்டரோடு நிற்கட்டும். ஏழையின் விசிறிக்கு மாலை நேர உயர்வு விலை வேண்டாம். ஏனெனில் காருக்கு நள்ளிரவு வரை பொறுக்க முடியும். புழுங்கும் குழந்தைக்குப் பொறுக்க முடியாது. நான்காவது, வேகச் சார்ஜ் நிலையம் 60 கிலோவாட், 120 கிலோவாட் என்று இழுக்கும். அது தன் செலவிலே தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளட்டும். டிராம் தன் கம்பியைத் தானே கொண்டு வந்ததே, அந்த நியாயம்தான். ஐந்தாவது, வாடகை வீட்டுக்காரனுக்கும், குடியிருப்பு வாரிய அடுக்குமாடியில் நான்காம் மாடியில் வாழ்பவனுக்கும் சொந்தச் சுவர் ஏது, சொருகுவதற்கு? ஆட்டோ ஓட்டும் தோழனுக்கும், உணவுப் பொட்டலம் சுமந்து ஸ்கூட்டரில் பறக்கும் இளைஞனுக்கும் மின்கலம் மாற்றும் நிலையமும் பொதுச் சார்ஜ் இடமும் முதலில் அமையட்டும். மாடிவீட்டான் காருக்கு வழி செய்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று அவர்களைக் காத்திருக்க வைக்கலாகாது.

டில்லிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பெட்ரோல் வரியிலே பங்கில்லாமல் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாவிட்டாலும், தெருக்கம்பியைப் பலப்படுத்தவாவது பணம் கொடுங்கள். கம்பியைப் பறித்துத் தனியார் கையிலே கொடுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். சென்னையின் மின்விநியோகம் கம்பெனியின் கையிலிருந்து 1947இல் மக்கள் கைக்கு வந்தது. வந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க நாம் சம்மதிக்கப்போவதில்லை.

இன்று மாலை வீடு திரும்பும்போது தெருமுனையிலே ஒரு கணம் நில்லுங்கள் தோழர்களே. அந்தச் சாம்பல் நிறப் பெட்டியின் முனகலைக் கேளுங்கள். அதிலிருந்து புறப்படும் கம்பி மாளிகைக்கும் போகிறது. தெருக்கோடிக் குடிசைக்கும் போகிறது. இரண்டுக்கும் ஒரே கம்பி என்பதுதான் இந்த நாட்டிலே நாம் போராடிப் பெற்ற சமத்துவத்தின் அடையாளங்களிலே ஒன்று. வண்டி ஓடட்டும், வேகமாகவே ஓடட்டும்! அந்தக் கம்பியின் கடைசி வீட்டிலே விளக்கு மங்காமல் எரிய வேண்டும். விசிறி தளராமல் சுற்ற வேண்டும். அதைக் காப்பது நம் கடமை.